உப்பின் மேல் அடித்த பெயிண்ட்

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அந்தக் கொப்புளம் கண்ணில் பட்டது. பட்டாணி அளவு இருக்கும். சுற்றிலும் கருப்பு எனாமல் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வந்து மணிக்கட்டில் வழிந்தது. என்ன தோன்றியதோ, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

(பெயிண்டுக்குள் இருந்து வரும் எதையும் யாரும் நாக்கில் வைக்காதீர்கள். வீட்டுக்காரி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.)

அந்தச் சேஸிஸுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கு, நானே நின்று பெயிண்ட் அடித்து அப்போது பதினொரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜீப் என் மாமாவுடையது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். பால் கேனும் ஷீட்டும் ஏற்றி, மேட்டிலும் பள்ளத்திலும் முப்பது வருடம் ஓடிய வண்டி. முட்டு வலி வந்து மாமா கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆனதும், "மக்கா, நீ கொண்டு போ. இங்க கெடந்தா கோழி அடையும்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். என் வீடு முட்டத்துக்கு மேற்கே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில். ராத்திரி கரண்டு போனால் கலங்கரை விளக்கின் வெளிச்சம் மாடிச் சுவரில் சுற்றிப்போவது தெரியும். குலசேகரத்திலிருந்து ஜீப்பை ஓட்டி இறங்கிய அந்த ஒரு மணி நேரத்தில், அந்த இரும்பு வேறொரு உலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

மலையில் முப்பது வருடம் இருந்தும் சேஸிஸில் உண்மையாகவே அரித்துப்போன இடம் ஒன்றே ஒன்றுதான். பின் சீட்டுக்குக் கீழே, இடது பக்கம். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட் கேனை எப்போதும் அந்த மூலையில்தான் வைப்பார்களாம். சொட்டுச் சொட்டாகச் சிந்திய ஆசிட் தளத் தகட்டைத் தின்று தீர்த்து, கீழே இருந்த சேனலிலும் குழி குழியாக இறங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் செம்மண் அப்பிய சாதாரண மேல்துருதான். மழை அங்கே இங்கேயைவிட அதிகம். ஆனாலும் வெறும் மழைநீர் வடிந்துவிடும், காய்ந்துவிடும்.

உப்பு அப்படி இல்லை. கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகள் காற்றில் வந்து இரும்பில் படிகின்றன. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிந்துவிடும். அடுக்களையில் உப்பு மரவை நசநசத்துப் போகிறதே, அதேதான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதம் போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குகிற நாள் எது? ஆக, மழையே பெய்யாத பங்குனி மத்தியானத்திலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை வேறு.

இதெல்லாம் தெரியாமல்தான் முதல் தடவை ஆவணி மாதத்தில் வேலையை ஆரம்பித்தேன். பாடியைக் கழற்றி, சேஸிஸை முற்றத்தில் செங்கல் மேல் ஏற்றிவைத்து, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்தேயென்று தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கருப்பு எனாமல் இரண்டு கோட்டு. இரண்டே நாள். தேய்த்து முடித்த இரும்பு ஒரு ராத்திரி முழுக்கத் திறந்த முற்றத்தில், கடல் காற்றில் கிடந்தது. காலையில் அதன் மேல் அப்படியே பிரைமர் அடித்தேன்.

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. அதை நடத்துபவரை ஊரில் எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். கொப்புளத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீ பெயிண்டா அடிச்ச? உப்பை உள்ள வெச்சுப் பூட்டியிருக்க டே."

விஷயம் அவ்வளவுதான். பெயிண்ட் படலம் என்பது நாம் நினைப்பதுபோல் முழு அடைப்பு இல்லை. மெதுவாக நீராவியை உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்து, கரைசலாகி, பெயிண்டை மேலே தள்ளும். அப்படித்தான் கொப்புளம் வருகிறது. ரெட் ஆக்சைடு என்று நாம் பூசுகிற சாதாரணப் பிரைமரில் இருக்கும் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். அது ஒரு திரை, துருவோடு சண்டை போடுகிற சமாச்சாரம் எதுவும் அதில் இல்லை.

கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டி வேலை நடக்குமே, அதை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நேரே ரசாயனப் பூச்சுக்குப் போவதில்லை. முதலில் சிலையைக் கழுவி, காகிதக் கூழை அப்பி, கல்லுக்குள் ஊறிப்போன உப்பை அந்தக் கூழ் உறிஞ்சும்வரை விட்டுவைத்து, உரித்து எடுக்கிறார்கள். பூச்சு அதற்கப்புறம்தான். கருங்கல்லுக்கே அந்தப் பாடு. நான் இரும்புக்கு ஒரு பக்கெட் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

சரி, இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவானது. எந்தப் பூச்சு? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு யோசனை.

"பவுடர் கோட்டிங் போடுங்க, லைஃப் லாங்" என்றார் ஒருவர். எங்கள் வீட்டு கேட்டே பவுடர் கோட்டிங்தான், அதனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பொடியை மின்னூட்டத்தில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். வழவழவென்று பார்க்க அழகு, அடிக்கும் தாங்கும். ஆனால் கேட்டில் தாழ்ப்பாள் இடித்து இடித்து ஒரு ரூபாய் நாணய அளவு சில்லு பெயர்ந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தச் சில்லிலிருந்து துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து ஒரு சாண் போயிருந்தது. மேலே பார்த்தால் கோட்டிங் அப்படியே இருக்கிறது. நகத்தால் நெம்பினால் வாழைத்தோல் மாதிரி உரிந்து வருகிறது. சேஸிஸ் என்பது டயர் தூக்கி எறிகிற கல்லை நாள் முழுக்க வாங்குகிற இடம். சில்லுப் போகத்தான் செய்யும். போனால் முற்றத்தில் உட்கார்ந்து பவுடரைத் தொட்டுவைக்க முடியாது, முழுக்கக் கழற்றிக்கொண்டு திரும்ப அடுப்புக்குப் போக வேண்டும். வெயில் படாத, கல் படாத சின்ன பிராக்கெட்டுக்குப் பவுடர் சரி. கடலோர ஜீப்பின் முதுகெலும்புக்கு வேண்டாம்.

அடுத்தது தார் மாதிரி அடிக்கிற அண்டர் கோட்டிங். புதுவண்டி வாங்கும்போது கூடவே விற்கிறார்களே, அதேதான். அடித்த அன்றைக்குக் கோட்டை மாதிரி இருக்கும். வருடம் போகப் போகக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய உப்புத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். மேலே கருப்பு, உள்ளே கஞ்சி மாதிரித் துரு. கண்ணுக்குத் தெரிகிற துருவைவிட மோசமானது அது.

மாமாவின் வைத்தியம் கரி ஆயில். இஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் துணியில் நனைத்து அடியெல்லாம் தேய்த்துவிடுவது. மலையில் அது ஓரளவு வேலை செய்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் புழுதியைக் கூட்டிச் சேர்க்கும், மழையில் ஒழுகி மண்ணைக் கெடுக்கும். அப்புறம் ஸ்பிரிங் புஷ் எல்லாம் ரப்பர். இயற்கை ரப்பர் மினரல் ஆயிலில் ஊறினால் உப்பிப் பிசுபிசுத்துவிடும். ரப்பர்க்காரர் வண்டியில் ரப்பர் புஷ் மூன்று தடவை மாற்றிய கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நிஜமாகவே என்னைத் தூங்கவிடாத யோசனை ஹாட் டிப் கால்வனைஸ். இரும்பை ஆசிட்டில் கழுவி, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. துத்தநாகம் இரும்போடு கலந்தே ஒட்டுவதால் உரிக்க முடியாது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கணக்கும் போட்டுப் பார்த்தேன். காற்று எவ்வளவு அரிக்கும் என்பதை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரத்தில், எங்கள் வீடு மாதிரியான உப்புக்காற்று இடம் சி5 என்ற மிகக் கடுமையான வகையில் வரும். அங்கே துத்தநாகம் முதல் வருடத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான்வரை போகும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதே இடத்தில் வெறும் இரும்பு 80 முதல் 200 மைக்ரான். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில் 70 மைக்ரான் துத்தநாகம் பிடித்தால், அதே வேகத்தில் தேய்ந்தாலும் எட்டிலிருந்து பதினாறு வருடம். எனாமலின் பதினொரு மாதம் எங்கே, இது எங்கே!

ஆசான்தான் தடுத்தார். "புது இரும்புன்னா நானே போன்னு சொல்லுவேன். இது கெழட்டு இரும்பு டே." அவர் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் சரி. பழைய சேஸிஸில் தகட்டின் மேல் தகடு படிந்து ரிவிட் அடித்த இடங்கள் நிறைய. கழுவுகிற ஆசிட் அந்த இடுக்கில் புகுந்தால் வெளியே வராது. துத்தநாகம் வாயை மூடிவிடும், ஆசிட் உள்ளே இருந்து தின்னும். மாமா வண்டிக்கு ஏற்கெனவே ஒரு ஆசிட் கதை போதும். இரண்டாவது, மூடிய பாக்ஸ் மாதிரி இருக்கிற இடங்களில் காற்றுத்துளை போடாமல் முக்கினால், உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடித்தே விடும். துளை எங்கே, எத்தனை என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த சட்டத்துக்குத்தான் ஹாட் டிப். மூன்றாவது, அந்தச் சூட்டில் பழைய வெல்டு இருக்கிற நீளச் சட்டம் திருகிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் திருகினாலும் பாடி உட்காராது.

அதனால் புதிதாக ட்ரெய்லரோ தள்ளுவண்டியோ செய்கிறவர்கள் இதைப் படித்தால், கண்ணை மூடிக்கொண்டு ஹாட் டிப்புக்குப் போங்கள். வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகு முக்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்பில் அப்புறம் வெல்டு அடித்தால் பூச்சும் கருகும், அந்தப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சலும் வரும். அதன் மேல் நேரடியாக எனாமல் மட்டும் அடிக்காதீர்கள். எனாமலின் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, பெயிண்ட் பாளம் பாளமாக உரியும்.

எனக்கு வழி சொன்னது மச்சான். தூத்தூர்க்காரன். ஆழ்கடல் தங்கலுக்குப் போகிற இரும்புப் போட்டில் டிரைவராக இருந்தவன், கொச்சியில் போட்டைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கும்போது கூட நின்று பார்த்தவன். "அத்தான், வண்டின்னு நெனைக்காதீங்க. போட்டுன்னு நெனைங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. போட்டுக்காரர்கள் எது உரியாது என்று பார்ப்பதில்லை. எதுவானாலும் ஒருநாள் உரியும் என்று வைத்துக்கொண்டு, உரிந்த இடத்தைக் கரையில் நின்றே பிரஷ்ஷால் சரிசெய்ய முடிகிற பூச்சைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு டப்பா எபாக்ஸி: ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக்கும் ஹார்டனர், அடிக்கும்போதுதான் கலப்பது. நானும் அதற்கே வந்து சேர்ந்தேன்.

மாசி பிறக்கக் காத்திருந்தேன். மழை இல்லாத, காற்று கொஞ்சம் அடங்கிய மாதம். எனாமலை உரித்து, அரித்துப்போன சேனல் துண்டை ஆசான் வெட்டி எடுத்து, அதே தடிமனில் தகடு வைத்து வெல்டு பிடித்தார். நீளம், அகலம், மவுண்ட் இருக்கும் இடம் எதையும் மாற்றவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, ஆர்சி புத்தகத்தில் இருப்பது ஒன்றும் வண்டியில் இருப்பது இன்னொன்றுமாக ஆகிவிடக் கூடாது. சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தை முதலில் பென்சிலால் தேய்த்துத் தாளில் அச்சு எடுத்து வைத்துக்கொண்டு, பழைய டியூப் ரப்பரை வெட்டி அதன் மேல் இறுகக் கட்டினேன். பிளாஸ்டிங் (பொடிக்கல்லைக் காற்றழுத்தத்தில் வீசித் துருவை உரிப்பது) அதைத் தின்றாலோ, கெட்டிப் பூச்சு எழுத்தை மூடினாலோ எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகும்போது பதில் சொல்ல முடியாது.

பிறகு கழுவல். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் பாவம் சேரும். சேஸிஸை டெம்போவில் ஏற்றி மாமா வீட்டுக்கே கொண்டுபோய், மலைத் தண்ணீரில் பிரஷர் பம்பு வைத்து மூன்று முறை கழுவினோம். இடுக்குகளில் குழாயைச் செருகி, வழிகிற தண்ணீரில் துருநிறம் நிற்கும்வரை விட்டோம். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கல்யாணத்துக்கு முந்தி நான்கூட இப்படிக் குளிச்சதில்ல" என்றார்.

பிளாஸ்டிங் நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு யார்டில். ஆற்றுமணலை வைத்து அடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். உடையும் சிலிக்கா தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்து அடிப்பவனின் ஆயுளைக் குறைக்கும். இங்கே கார்னெட் வைத்து அடித்தார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் வைத்தால் கருப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகத் தெரியுமே, அந்தச் சிவப்புதான் கார்னெட். கருப்பு இல்மனைட். அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் உலகத்து வெள்ளைப் பெயிண்டுக்கெல்லாம் வெள்ளை. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-இல் ஒரு ஜெர்மன்காரர் தோரியம் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் அந்த மண்ணுக்கு நடந்ததெல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை.

அடித்து முடித்த இரும்பை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். வெள்ளிச்சாம்பல் நிறம். விரல் வைத்தால் நைஸ் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அந்தச் சொரசொரப்பில்தான் பிரைமர் பல்லைப் பதிக்கும். "கை வைக்காதீங்க" என்று யார்டுப் பையன் சத்தம் போட்டான். வியர்வையும் உப்புதானே. அந்த நிறத்தை அடுத்த நாளுக்கு வைத்திருக்க முடியாது. நம் காற்றில் நாலு மணி நேரம் தாண்டினால் மஞ்சள் பூக்கத் தொடங்கும். காலையில் பிளாஸ்டிங், மத்தியானத்துக்குள் பிரைமர் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, இரும்பின் சூடு பனித்துளி கட்டும் அளவைவிட 3 டிகிரியாவது மேலே. அதையும் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள்.

முதல் கோட்டு ஜிங்க் ரிச் எபாக்ஸி. காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் துத்தநாகத் தூள் இருக்க வேண்டும். வெறும் 'ஜிங்க் பிரைமர்' என்று டப்பாவில் போட்டிருப்பதெல்லாம் இது இல்லை, கடையில் அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் இரும்பை நேராகத் தொட்டால்தான் காவல் காக்கும், அதனால்தான் பிளாஸ்டிங் இல்லாமல் இது வீண். ஸ்பிரே கன்னை எடுப்பதற்கு முன் மச்சான் பிரஷ்ஷை எடுத்தான். ஒவ்வொரு விளிம்பு, வெல்டு, போல்ட் துளையின் வாய், ரிவிட் தலை எல்லாவற்றுக்கும் கையால் ஒரு கோட்டு. பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது கூர்விளிம்பிலிருந்து தானாகப் பின்வாங்கும், அங்கேதான் படலம் மெலியும், துரு அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும். அந்த விளிம்பு வேலைக்கு மட்டும் ஸ்பிரேயைவிட அதிக நேரம் ஆனது. எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவன் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தான்.

இரண்டாவதும் மூன்றாவதும் கெட்டியான எபாக்ஸி மாஸ்டிக். இதன் ஹார்டனர் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து வருகிற வகை. கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆபீஸில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கருப்பாக்குகிற அதே எண்ணெய். பழைய காலத்தில் மரவள்ளத்துக்குப் பூசிய எண்ணெயும் அதுதான். அதில் செய்யும் ஹார்டனர் கொஞ்சம் ஈரக்காற்றிலும் இறுகும் என்பதால் கப்பல்காரர்களுக்குப் பிடித்தது. வாசனை மூக்கில் ஏறியதும் என் பாட்டி ஞாபகம் வந்தது. அவள் உடைத்த கொட்டைக்குக் கணக்கே இல்லை.

மேலே பளபளப்புக்கு பியூ (பாலியூரித்தேன்) கோட்டு அடிக்கலாமா என்று கேட்டார்கள். எபாக்ஸி வெயிலில் வெளுத்து மாவு பூக்கும், அதனால் வெயில் படும் இடத்துக்கு பியூ வேண்டும். ஆனால் சேஸிஸ் எங்கே வெயில் பார்க்கிறது? பம்பர் முனைக்கும் வெளியே தெரிகிற பிராக்கெட்டுக்கும் மட்டும் அடித்தோம். மிச்சப் பணத்தில் பாக்ஸ் பகுதிகளுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினோம். தண்ணீர் வடியும் துளைகளில் மெழுகு அடைக்காமல் கம்பி விட்டுக் குத்திவிட்டேன். மொத்தம் சராசரி 280 மைக்ரான் என்று மீட்டர் காட்டியது. நோட்டுத்தாள் மூன்றை அடுக்கினால் வருகிற கனம்.

மூன்று ஆடி தாண்டிவிட்டது. போன ஆடிக்கு முன்னால் வழக்கம்போல அடியில் படுத்து டார்ச் அடித்தேன். இடது பின்சக்கரத்துக்கு நேரே, கல் பட்டு மிளகு அளவில் ஒரு சில்லு. நடுவில் சாம்பல் நிறமாக ஜிங்க் தெரிந்தது, ஓரத்தில் வெள்ளையாக லேசான பூ. துரு இல்லை. டவுனில் வாங்கிவைத்த குடிதண்ணீர் கேனிலிருந்து ஒரு சொம்பு ஊற்றிக் கழுவி, துடைத்து, எமரித்தாளால் ஓரத்தைச் சரித்து, ஒரு ஸ்பூன் எபாக்ஸிக்கு அளவாக ஹார்டனர் கலந்து, பேத்தியின் வாட்டர் கலர் பிரஷ்ஷால் இரண்டு தடவை தொட்டுவைத்தேன்.

அந்தப் பிரஷ்ஷுக்காக வீட்டில் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை.